காது கொடுத்த நாயகன்



எண்பதுகளில் எங்கள் தெருவில் இரண்டே வீடுகளில்தான் டிவி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் படம் போடுவதற்கு அரைமணி முன்பே அதில் ஒரு வீட்டின் கூடம் நிறைந்துவிடும். எம்.ஜி.ஆர். படமென்றால் மாமாவுக்குக் கை துறுதுறுக்கும். சிவாஜி படமென்றால் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்ப்பார். ஜெமினி கணேசன் படமென்று தெரிந்தால் இருவரும், "இன்னிக்கு சாம்பாரா?" என்று சிரித்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார்கள். அன்றைக்குத்தான் அத்தை அடுப்பு வேலையைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு, தூணோரமாக வந்து உட்காருவார்.

ஒருநாள் மாமா கேட்டே விட்டார்: "அப்படி என்னதான் இருக்கு அந்த ஆளுகிட்ட?"

அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொம்பள பேசினா காது குடுத்துக் கேக்குறாரே, அது போதாதா?"

நவம்பர் 17 ஜெமினியின் பிறந்தநாள். அதைச் சாக்கிட்டு, இந்த இதழின் வேலைகளுக்கு நடுவே 1955-இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வை மறுபடி பார்த்தேன். வேலைக்காகக் கணவன் மனைவி என்று பொய் சொல்லி ஒரே வீட்டில் குடியேறும் இரண்டு ஆசிரியர்களின் கதை. சாவித்திரி பொரிந்து தள்ளுகிறார். ஜெமினியின் புருவம் சற்றே ஏறுகிறது. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்து மறைகிறது. அவ்வளவுதான். அவருக்கும் மனத்தாங்கல் உண்டு. அதையும் நிலாவிடம் போய்த்தான் முறையிடுகிறார், ஏ.எம். ராஜாவின் குழைந்த குரலில். அத்தை சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஜெமினி புதுக்கோட்டையில் 1920-இல் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். நடிக்க வாய்ப்புக் கேட்டு வருகிறவர்களைப் பேட்டி கண்டு தேர்ந்தெடுக்கும் பிரிவு. அடுத்தவர் பேசுவதைக் கேட்பதும், முகத்தைக் கவனிப்பதுமே அங்கே உத்தியோகம். 1947-இல் 'மிஸ் மாலினி'யில் சின்ன வேடம் கிடைத்தது. பிறகு 'தாய் உள்ள'த்தில் வில்லன். 1953-இல் 'மனம்போல மாங்கல்யம்' அவரை நாயகனாக்கியது, அதுவும் இரட்டை வேடத்தில்.

'வஞ்சிக்கோட்டை வாலிபன்' என்றதும் நமக்கு என்ன நினைவு வருகிறது? வைஜெயந்திமாலாவும் பத்மினியும் ஆடிய போட்டி நடனம், நடுவே பி.எஸ். வீரப்பாவின் கணீர்க் குரல். வாள் ஏந்திய வாலிபன் யாரென்று கேட்டால் ஒரு நொடி யோசிப்போம். தன் படத்தின் மிகப் பெரிய காட்சியை இரண்டு பெண்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நிற்க எத்தனை நாயகர்களுக்கு மனம் வரும்? 'பாசமல'ரிலும் அப்படித்தான். சிவாஜி வெடிக்கும் இடத்தில் எதிரே நிற்பவரும் வெடித்தால் காட்சி கெட்டுவிடும். அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும்.

1959-இல் ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய 'கல்யாண பரிசு'. மனம் விரும்பியவள் தங்கை, மணந்தது அக்காவை. அக்கா போன பிறகு கைக்குழந்தையோடு வருகிறான் பாஸ்கர். அதற்குள் தங்கைக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது. குழந்தையை அவள் கையில் பரிசாகக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கிறான். இன்னொரு நடிகராக இருந்தால் அங்கே ஒரு பக்க வசனம் கேட்டிருப்பார். ஜெமினிக்கு அந்த நடை போதுமாயிருந்தது.

மென்மை மட்டுமே தெரிந்தவர் என்று நினைத்தவர்களுக்கு 1974-இல் 'நான் அவன் இல்லை' வந்தது. மராத்தி நாடகம் ஒன்றைத் தழுவி கே. பாலசந்தர் எடுத்த படம்; தயாரித்தவர் ஜெமினியே. பல ஊர், பல பெயர், பல பாஷை என்று பெண்களை ஏமாற்றியவன், கூண்டில் நின்றுகொண்டு தான் அவனே இல்லையென்று சாதிக்கிறான். இருபது வருடமாக அத்தைமார்கள் நம்பிய அதே கனிவுதான் இதில் தூண்டில் முள். அதே சிரிப்பைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. தனக்குச் சோறு போட்ட முகத்தின் மீது ஊரையே சந்தேகப்பட வைக்கத் தன் கைக்காசைப் போட்டிருக்கிறார்! சிறந்த நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

'காதல் மன்னன்' என்ற பட்டம் திரைக்கு வெளியேயும் அவரைத் தொடர்ந்தது. அங்கே அதற்குப் பின்னால் வலியும் இருந்தது. அவர் மணந்துகொண்ட சாவித்திரியின் கடைசிக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அத்தை ஜெமினியைத் தாங்கிப் பேச மாட்டார். திட்டவும் மாட்டார். எழுந்து உள்ளே போய்விடுவார்.

1996-இல் 'அவ்வை சண்முகி' வந்தபோது அத்தையையும் மாமாவையும் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். 'களத்தூர் கண்ணம்மா'வில் ஜெமினிக்கும் சாவித்திரிக்கும் பிள்ளையாக நடித்த சிறுவன் கமல், இப்போது மடிசார் மாமியாக வந்து நிற்கிறார். எழுபதைத் தாண்டிய ஜெமினி அந்த மாமியிடம் மயங்கிப்போகிறார். மாமி பேசப் பேச, கண் விரிய அவர் கேட்டுக்கொண்டிருந்த அழகில் அத்தை சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

படம் விட்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். அத்தை முதல் காட்சியிலிருந்து கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார், ஏதோ நாங்கள் பார்க்காத படம் மாதிரி. மாமா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டுக்கொண்டே நடந்தார்.

அன்புடன்,
ஆசிரியர்