மூன்று ஷிப்ட் ஊரில் ‘காலை’ என்பது எப்போது? தைராய்டு மாத்திரையும் கும்மிடிப்பூண்டி தொழிலாளர்களும்

‘தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை.’ தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கு டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வது இதுதான். கேட்பதற்கு எளிது. ஆனால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டையிலோ ஷிப்ட் பார்ப்பவரிடம் சொன்னால், ‘எந்தக் காலை சார்?’ என்று திருப்பிக் கேட்பார்.

அவர் கேட்பது நியாயம்தான். இந்த வாரம் முதல் ஷிப்ட் என்றால் விடியற்காலை 4 மணிக்கே எழுந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அடுத்த வாரம் நைட் ஷிப்ட் என்றால் காலை 7 மணிக்கு வீடு திரும்பி, நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். அவருக்குப் பொழுது விடிவதே மதியம் 2 மணிக்கு. மாத்திரை தவறிப்போவது இங்கேதான். இதை வெறும் அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. பகலில் உழைத்து இரவில் தூங்குபவரை மனதில் வைத்துச் சொல்லப்படும் அறிவுரை அது.

அசதிக்குக் காரணம் ஷிப்டா, தைராய்டா?

கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சின்ன சுரப்பி தைராய்டு. உடல் எந்த வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை அதன் ஹார்மோன்கள்தான் தீர்மானிக்கின்றன. சுரப்பு குறைந்தால் எல்லாமே மந்தமாகும். தீராத அசதி, எடை கூடுதல், மலச்சிக்கல், முடி உதிர்தல், தோல் வறட்சி, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, மறதி, மனச்சோர்வு என்று மெல்ல மெல்லத் தலைகாட்டும்.

இவற்றில் பாதி, நைட் ஷிப்ட் பார்க்கும் யாருக்கும் வரக்கூடியவை. ‘தூக்கம் சரியில்ல, அதான் உடம்பு அசத்துது’ என்று சொல்லியே மாதங்கள் ஓடிவிடும். ஆண்களோ ‘அது லேடீஸுக்கு வர்றதாச்சே’ என்று டெஸ்ட் பக்கமே போகமாட்டார்கள்.

சென்னை உட்பட 8 இந்திய நகரங்களில் 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. பெண்களில் 100-க்கு 16 பேர், ஆண்களில் 5 பேர். பாதிப்பு இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, அந்த ஆய்வில் ரத்தம் எடுக்கும்வரை தனக்கு இது இருப்பதே தெரியாது.

‘அயோடின் உப்புதானே சாப்பிடறோம், எப்படி வந்துச்சு?’ என்ற சந்தேகம் எழலாம். போதிய அயோடின் கிடைக்கும் இடங்களில் முக்கியக் காரணம், உடலின் எதிர்ப்பு சக்தி சொந்த தைராய்டையே தாக்குவது. 1912-ல் இதை முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோவின் பெயரால்தான் இந்த நோய் அழைக்கப்படுகிறது. உப்பைக் கூட்டினால் இது சரியாகாது.

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், வயிற்றைப் பாருங்கள்

குறையும் ஹார்மோனை ஈடுகட்டத் தரப்படுவது லெவோதைராக்சின் மாத்திரை. அதை உறிஞ்சுவது குடல். உணவு, காபி, டீ கூடவே போனால் உறிஞ்சுவது குறைந்துவிடும். அதனால்தான் வெறும் வயிறு. சூரியனுக்கும் இந்த மாத்திரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எனவே சீட்டில் ‘காலை’ என்று இருக்கும் இடத்தில் ‘தூங்கி எழுந்ததும்’ என்று படித்துக்கொள்வது ஷிப்ட் தொழிலாளிக்குப் பொருந்தும். 4 மணிக்கு எழுந்தால் 4 மணிக்கு. மதியம் 2 மணிக்கு எழுந்தால் 2 மணிக்கு. தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து டீயோ சாப்பாடோ. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

ஷிப்ட் மாறும்போது நேரம் தள்ளிப்போகுமே? பயப்பட வேண்டாம். உள்ளே போன மருந்து பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். சில மணி நேரம் முன்பின் ஆவதால் பெரிய பாதிப்பு இல்லை. அடிக்கடி விட்டுவிடுவதுதான் ஆபத்து. எழுந்ததும் காபி இல்லாமல் முடியாது என்பவர்கள், சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். படுக்கும் நேர மாத்திரையும் நன்றாகவே வேலை செய்வதை 2010-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது.

லேபில் சொல்ல வேண்டியவை

டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்ப்பார்கள். இந்த அளவு இரவில் ஏறி, பகலில் இறங்கும். தூக்கம் கெட்டாலும் ஏறும். நைட் ஷிப்ட் முடித்து நேராக லேபுக்கு வந்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அது ரிசல்ட்டைத் தப்பாகக் காட்டக்கூடும். டெஸ்டுக்கு குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள்.

‘இப்ப நல்லாத்தானே இருக்கேன்’ என்று மாத்திரையை நிறுத்துவதும், எடை குறையட்டும் என்று தானாகவே டோஸைக் கூட்டுவதும் வேண்டாம். டோஸ் அதிகமானால் படபடப்பு வரும், எலும்பும் தேயும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டெஸ்ட் எடுப்பது நல்லது. முதல் மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் தைராய்டு ஹார்மோன்தான் துணை.

பொறுப்பு யாருடையது?

தொழிற்சாலைகளுக்கே போய்ப் பரிசோதிக்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டம் தமிழகத்தில் 2024-ல் தொடங்கியது. அதன் முக்கிய கவனம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும். தைராய்டுக்குத் தேவை ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. அறிகுறி உள்ளவர்கள், குடும்பத்தில் தைராய்டு பிரச்சினை இருப்பவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் ஆகியோருக்காவது கம்பெனி நடத்தும் மருத்துவ முகாமில் அதைச் சேர்க்கலாம். இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு நாள் முழுக்க அசதி என்பது அவர் உடல்நலத்தோடு நிற்கும் விஷயமல்ல, பாதுகாப்பு விஷயமும்கூட.

மருத்துவர்கள் செய்ய வேண்டியது அதைவிடச் சின்னது. சீட்டு எழுதும் முன் ஒரே கேள்வி: ‘இந்த வாரம் என்ன ஷிப்ட்?’ டாக்டர் கேட்காவிட்டால், நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.