கழுவும் செலவு யார் கணக்கில்?

கழிவை அடக்கவிலையில் சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. நொய்யலில் விட்ட சாயத்தண்ணீர், விவசாயத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மிச்சம் பிடித்ததாக நினைத்த காசு, சுத்திகரிப்புச் செலவாகத் திரும்பி வந்தது.

பயோடீசல் விஷயத்திலும் அதே தப்பைச் செய்யக்கூடாது என்பதுதான் என் கருத்து.

வழக்கமான முறை ரொம்ப எளிது. எண்ணெயில் மெத்தனால் கலந்து, வினையூக்கியாகக் கொஞ்சம் காஸ்டிக் சோடா போட்டு (நம் பட்டறைகளில் இருக்கும் அதே சோடாதான்), 60 டிகிரி வாக்கில் கலக்கினால் பயோடீசல் தனியே, கிளிசரின் தனியே பிரியும். ஆனால் கரைந்துபோன சோடாவைத் திரும்ப எடுக்க முடியாது. அமிலம் விட்டுச் சமன்படுத்தி, பயோடீசலைத் தண்ணீரில் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரில் சோப்பு, உப்பு, மெத்தனால் எல்லாம் இருக்கும். பலகாரக் கடையில் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் என்றால் இன்னும் மோசம். அதிலுள்ள கொழுப்பு அமிலம் சோடாவோடு சேர்ந்து சோப்பாகிவிடும். இந்தப் பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தைத்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் தொடங்கியது.

இதற்கு மாற்று, கரையாத திட வினையூக்கி. வேலை முடிந்ததும் வடிகட்டி மறுபடி போடலாம். பிரான்சில் செத் நகரில் 2006-லேயே இந்த முறையில் ஒரு பெரிய ஆலை வந்துவிட்டது. அதே ஆண்டு புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர், அமிலம் அதிகமுள்ள எண்ணெயிலும் வேலை செய்யும் இரும்பு-துத்தநாக வினையூக்கி பற்றி எழுதினார்கள். காமர்ஸ் பாஷையில் சொன்னால், சோடா தினச்செலவு. திட வினையூக்கி, தேய்மானம் போட வேண்டிய சொத்து.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கவும் முடியாது. பிரெஞ்சு முறைக்கு 200 டிகிரி அளவில் சூடும், அதிக அழுத்தமும் வேண்டும். நாமக்கல் முட்டை ஓட்டை 900 டிகிரியில் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பும் நல்ல வினையூக்கிதான். ஆனால் காற்றுப் பட்டால் வீரியம் குறையும்; கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவும் செய்யும். திரும்பச் சுட்டால் எரிபொருள் செலவு. ஆகவே 'முதல் தடவை எத்தனை சதவீதம்' என்பதில் மயங்காமல், பத்தாவது தடவை எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

2018 கொள்கைப்படி 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலப்பது இலக்கு. அதற்காக நம் பக்கம் ஆலை வந்தால் சந்தோஷம். மானியமும் கொடுக்கட்டும். ஆனால் லிட்டர் என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், கழுவின தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டுவிடுவோம். பதில் சொல்ல முடியாத ஆலைக்கு மானியம் வேண்டாம். நொய்யல் ஒருமுறை கொடுத்த விலை போதும்.