கடிந்துகொள்ளாத குரல்



கடந்த மாதத்தில் ஓர் இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அன்று மாலை திடப்படுத்தல் வகுப்பில், மனப்பாடப் பகுதியை மூன்றாம் முறையும் தவறாகச் சொன்ன ஒரு சிறுவனை எல்லோர் முன்னிலையிலும் உரத்த குரலில் கடிந்துகொண்டேன். அவன் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அமர்ந்தான். வகுப்பு முடியும்வரை வாய் திறக்கவேயில்லை. அந்தக் குனிந்த தலை என் கண்முன் நின்றுகொண்டேயிருந்தது.

நள்ளிரவுக்குமேல் முன்னறைக்கு வந்தேன். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் மகள் புத்தகத்தை மூடிவிட்டு, அலைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். சுருள்முடியும் தாடியும் கொண்ட ஒருவர் கறுப்புப் பின்னணியின் முன்னே நின்று, தாழ்ந்த குரலில் பேசியபடியே ஒரு மலையை வரைந்துகொண்டிருந்தார். “இதைப் பார்த்தால்தான் மனம் அடங்குகிறது, அப்பா” என்றாள். நானும் அருகில் அமர்ந்தேன்.

அவர் பெயர் பாப் ராஸ். ‘தி ஜாய் ஆஃப் பெயின்டிங்’ என்னும் அவருடைய ஓவியப் பாடம், 1983 முதல் 1994 வரை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 403 பகுதிகளாக ஒளிபரப்பானது. 1995ஆம் ஆண்டு, தமது 52ஆம் வயதில், அவர் புற்றுநோயால் மரித்தார். நான் அந்த வயதைக் கடந்துவிட்டேன். அவர் மறைந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், அவர் இறந்தபின் பிறந்த பிள்ளைகள் யூடியூபில் அவரைத் தேடிப் பார்க்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் தூரிகையைத் தொடுவதில்லை. பார்த்துக்கொண்டிருப்பதே அவர்களுக்குப் போதுமாயிருக்கிறது.

இது சோம்பல் என்று சொல்வோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. சோர்ந்துபோன எலியா சூரைச்செடியின்கீழ்ப் படுத்துக்கொண்டபோது, தேவன் அவனிடம் முதலில் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அப்பமும் தண்ணீரும் உறக்கமும் தந்தார், பிறகுதான் பேசினார். களைத்த மனம் இளைப்பாற வேண்டும் என்பது பாவமன்று. ஆனால் இந்தக் குறிப்பிட்ட காட்சியில் நம்மை இளைப்பாற்றுவது எது என்று நாம் கேட்டுப்பார்க்க வேண்டும்.

மலைகளும் மரங்களும் மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அழகிய மலைகளின் படங்கள் எத்தனையோ உண்டு. அவர் பாடம் நடத்தும் விதத்தைக் கவனியுங்கள். கான்வாஸ் முழுவதும் மெல்லிய வெள்ளை வண்ணத்தை முன்னதாகவே பூசி, அது காய்வதற்குள் அதன்மேல் எண்ணெய் வண்ணங்களை இழைக்கிறார். முதலில் வானம், பிறகு தொலைவிலுள்ள மலை, பிறகு நீர், கரை, செடிகள். எல்லாம் நிறைவாயிற்று என்று நாம் எண்ணும் வேளையில், தூரிகையில் கருமையான வண்ணத்தைத் தோய்த்து, படத்தின் முன்பகுதியில் மேலிருந்து கீழாக ஒரு பெரிய கோட்டை இழுக்கிறார். “ஐயோ, கெடுத்துவிட்டாரே!” என்று நம் உள்ளம் பதறுகிறது. சில நிமிடங்களில் அந்தக் கோடு உயர்ந்த மரமாகி, படத்துக்கு ஆழத்தையும் கொடுத்துவிடுகிறது. இங்கே தவறு என்று ஒன்றில்லை, நேர்ந்துவிட்டதை வைத்து வேலை செய்யலாம் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

அன்பானவர்களே, நம்மைத் தேற்றுவது இந்த வார்த்தையே என்று நான் நம்புகிறேன். மதிப்பெண்ணுக்காகவும், சம்பளத்துக்காகவும், உறவினர் முன் மானத்துக்காகவும் ஓயாமல் அளக்கப்படுகிறவர்கள் நாம். நம்மை அளக்காமல் நமக்குக் கற்றுக்கொடுக்கும் ஒரு குரலை அரைமணி நேரம் கேட்பதே நமக்குப் பெரிய ஆறுதலாகிவிடுகிறது. அந்தக் குரலை வீட்டிலும் ஆலயத்திலும் கேட்க முடியாமல், என்றோ மரித்துப்போன ஓர் அந்நியரிடம் நம் பிள்ளைகள் தேடிப்போகிறார்களே என்பதுதான் அந்த இரவில் என்னைக் குத்தியது.

“அவர் பிறவியிலேயே சாந்தமானவர், நமக்கு அந்தச் சுபாவம் இல்லை” என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாம். அவருடைய வாழ்க்கை அதற்கு இடம் தரவில்லை. தொலைக்காட்சிக்கு வருமுன் அவர் 20 ஆண்டுகள் அமெரிக்க விமானப்படையில் பணியாற்றினார். மாஸ்டர் சார்ஜென்ட் நிலைக்கு உயர்ந்தார். அவர் வரைந்த பனிமலைகளும் ஊசியிலை மரங்களும் அலாஸ்காவில் பணிசெய்த காலத்தில் அவர் கண்டவை. படுக்கையை ஒழுங்காக விரிக்காதவர்களையும் வேலைக்குப் பிந்தி வந்தவர்களையும் அதட்டுவது அங்கே அவருடைய வேலையாயிருந்தது. படையைவிட்டு விலகினால் இனி ஒருபோதும் கத்துவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் நாம் கேட்கும் அந்தத் தாழ்ந்த குரல், உரத்த குரலின் பலனை நன்கு அறிந்திருந்த ஒருவர் மனமாரத் தெரிந்துகொண்ட குரல்.

இன்னொன்றும் உண்டு. அரைமணி நேரத்தில் சிரமமின்றி முடிப்பதுபோல் தோன்றும் அந்த ஓவியத்தை, நிகழ்ச்சிக்கு முன்பே ஒருமுறை வரைந்து மாதிரியாக வைத்துக்கொள்வார். ஒளிப்பதிவின்போது இரண்டாம் முறை வரைவார். பாடப்புத்தகத்துக்காகப் பிறகு மூன்றாம் முறையும் நிதானமாக வரைவார். நாம் காணும் அமைதிக்குப் பின்னால் நாம் காணாத ஆயத்தம் இருந்தது. நானோ அன்று ஆயத்தமில்லாமல், வேறொரு கூட்டத்தின் எரிச்சலைச் சுமந்துகொண்டு வகுப்புக்குள் நுழைந்தேன். சாந்தத்தைப் பவுல் ஆவியின் கனிகளுள் ஒன்றாக எண்ணுகிறார். கனி ஒரே நாளில் பழுப்பதில்லை.

அப்படியானால் தவறைத் திருத்தவே கூடாதா என்று பெற்றோர் கேட்கலாம். பாப் ராஸ் தவறிய கோட்டை அப்படியே விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். வண்ணம் ஈரமாயிருக்கும்போதே அதை மரமாகவோ, புதராகவோ, கரையாகவோ மாற்றுகிறார். அதுவும் திருத்தமே. ஆனால் தூரிகை பிடித்தவனின் முகம் வாடாதபடி செய்யப்படும் திருத்தம். பிள்ளைகளின் மனம் ஈரமாயிருக்கும் காலம் குறுகியது. அக்காலத்தில் நாம் அதட்டி அதைக் காயவைத்துவிட்டால், பிறகு நம்முடைய நல்ல வார்த்தையும் அதில் ஒட்டாது.

அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அந்தச் சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். முன்னிலையில் செய்த குற்றத்துக்கு மறைவில் மன்னிப்புக் கேட்பது போதாது என்று எண்ணினேன். அவன் உடனே முகம் மலர்ந்துவிடவில்லை. இப்போதும் சற்று ஒதுங்கியே அமர்கிறான். கடந்த வாரம் மனப்பாடப் பகுதியின் முதல் வரியை மட்டும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். “நல்லது, அடுத்த வரியை நாம் சேர்ந்தே சொல்லுவோம்” என்றேன். சொன்னோம்.

இந்த வாரத்தில் உங்கள் வீட்டில் ஏதாவது ஒன்று நிச்சயமாகத் தவறும். பால் பொங்கி வழியும், மதிப்பெண் குறையும், வயதான தகப்பனார் சொன்னதையே திரும்பச் சொல்வார். அப்போது உரத்த குரல் தொண்டைவரை வரும். அதை அங்கேயே நிறுத்தி, “பரவாயில்லை, இதை வைத்து என்ன செய்யலாம் பார்ப்போம்” என்று ஒரேயொரு முறை சொல்லிப்பாருங்கள். நம் பிள்ளைகள் நள்ளிரவில் அலைபேசியில் தேடும் குரலை, பகலில் நம்மிடமிருந்தே கேட்கட்டும்.

சாந்தமும் மனத்தாழ்மையுமுள்ள நம் ஆண்டவர் அதற்கான பெலனை உங்களுக்கும் எனக்கும் தந்தருள்வாராக. ஆமென்.