பீட்சா தின்னா இட்லிக்குத் துரோகமா?

போன மாசம் எங்க வீட்ல ஒரு பஞ்சாயத்து. தங்கச்சி பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். என்னம்மா வேணும்னு அப்பா கேட்டதுக்கு, "நிஜமான இத்தாலியன் ஹோட்டல்ல ஒரு தடவை சாப்பிடணும்பா"ன்னு சொல்லிட்டா. நாலு பேரும் காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி சென்னை போய், விறகு அடுப்பில் பீட்சா சுடுகிற ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அவ்வளவுதான் நடந்தது.

விஷயம் தெரிந்ததும் பெரியப்பா பிடித்துக்கொண்டார். "காஞ்சிபுரத்துல பொறந்துட்டு இட்லி கசக்குதா? தறிக்காரன் வீட்டுப் பிள்ளைங்களுக்கு இத்தாலி சாப்பாடு கேக்குதா?" பெரியவர் என்பதால் அங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன். ஏன்னா இதே டயலாக்கை காலேஜ் கேன்டீனிலும் கேட்டாச்சு.

முதல் குற்றச்சாட்டு, அது அந்நிய சாப்பாடு. சரி, உங்க ரசத்தில் மிதக்கிற தக்காளி எந்த ஊருங்க? மிளகாய் எந்த ஊரு? ரெண்டுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. மிளகாயை இங்கே இறக்கியது போர்த்துகீசியர்கள். இத்தாலிக்காரனுக்கும் தக்காளி அந்நியம்தான், 1500களில்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. கப்பலில் வந்ததெல்லாம் ஆகாதுன்னா மிளகு ரசமும் மோரும் மட்டும்தான் மிஞ்சும்.

இன்னொண்ணு. ராபர்ட் டி நொபிலின்னு ஒரு இத்தாலிக்காரர் 1606ல் மதுரைக்கு வந்தார். காவி கட்டி, இறைச்சியை விட்டு, நம்ம ஊர் சைவச் சாப்பாட்டுக்கு மாறினார். தத்துவ போதகர்னு பேர் சொல்லி அவரைக் கொண்டாடுகிறோம். நம்ம சாப்பாட்டைச் சாப்பிட்ட இத்தாலிக்காரர் பெரிய மனுஷர், அவங்க சாப்பாட்டைச் சாப்பிட்ட என் தங்கச்சி துரோகியா? 1980களில் சுவிட்சர்லாந்துக்கு அகதிகளாகப் போன ஈழத்தமிழர்களில் நிறைய பேருக்குச் சோறு போட்டதே அங்கிருந்த ஹோட்டல் சமையலறைகள்தான். அவங்ககிட்ட போய் 'அந்நிய சாப்பாடு'ன்னு சொல்லிப் பாருங்க.

ரெண்டாவது, "சப்புனு இருக்கும், வெறும் மைதாவும் சீஸும்." எதைச் சாப்பிட்டுட்டு இப்படிச் சொல்றீங்க? 1996ல் டோமினோஸ் டெல்லியிலும் பீட்சா ஹட் பெங்களூரிலும் கடை திறந்தன. ரெண்டும் அமெரிக்கக் கம்பெனிகள். அங்கே கிடைக்கிற தந்தூரி பனீர் பீட்சாவை நானும் விரும்பித்தான் சாப்பிடுகிறேன். ஆனா அதை வைத்து இத்தாலிக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. இத்தாலியில் போய் 'பெப்பரோனி' கேட்டால் குடைமிளகாய்தான் வரும். அந்த மொழியில் அதுக்கு அர்த்தமே அதுதான் :)

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். வரதராஜப் பெருமாள் கோயிலில் நைவேத்தியமாகிற இட்லி எப்படி இருக்கும்? மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு, நேரம் எடுத்து வேகவைப்பது. வெளியூரில் பல இடத்தில் 'காஞ்சிபுரம் இட்லி' என்று வருவது என்ன? சாதா இட்லி மாவில் நாலு மிளகைத் தட்டிப் போட்டு டம்ளரில் ஊற்றி எடுத்தது. அதைத் தின்னுட்டு ஒருத்தன் "காஞ்சிபுரம் இட்லி இவ்வளவுதானா"ன்னு கேட்டா நமக்கு எப்படி எரியும்? அதே எரிச்சல் நேபிள்ஸ்காரனுக்கும் இருக்கும் இல்லையா?

ஆனா அவன் எரிச்சலோடு நிற்கவில்லை. 1984ல் நேபிள்ஸில் பீட்சாவுக்குன்னே ஒரு சங்கம் வைத்தான். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர மாவில் எதுவும் சேரக்கூடாது, பூரிக்கட்டை படக்கூடாது, கையால்தான் விரிக்கணும், விறகு அடுப்பில் 60லிருந்து 90 நொடிக்குள் வேகணும்னு விதி எழுதினான். 2010ல் ஐரோப்பிய யூனியன் அந்தச் செய்முறைக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. 2017ல் பீட்சா சுடும் கலையே யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 'பார்மேசான்' என்ற ஒரு சீஸ் பேருக்காக ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் வழக்கு போய், 2008ல் பேர் அவங்களுக்கே சொந்தம்னு தீர்ப்பு வந்தது.

நம்மகிட்டயும் சட்டம் இல்லாமல் இல்லை. காஞ்சிப் பட்டுக்கு 2005-06லேயே புவிசார் குறியீடு கிடைத்தாச்சு. ஆனாலும் விசைத்தறிப் புடவை இன்னிக்கும் எங்க ஊர் பேரில் விற்கிறது. கைத்தறியில் ஒரு புடவை இறங்க ரெண்டு வாரமாவது ஆகும். விசைத்தறி அதை விலையில் அடித்துவிடும். பேர் போச்சுன்னா எங்க அப்பா மாதிரி ஆட்களுக்குக் கூலியும் போச்சு.

சொல்லவே கூடாதுன்னு நினைச்சேன், சொல்லிடறேன். பெரியப்பா மகள் கல்யாணத்தில் சொந்தக்காரங்களுக்கு வைத்துக் கொடுத்தது எல்லாம் விசைத்தறிப் புடவை. காலை டிபனில் டம்ளர் இட்லி. இட்லிக்கும் தறிக்கும் யார் துரோகம் பண்ணினதுன்னு நீங்களே சொல்லுங்க.

மூணாவதுதான் ரொம்ப வலிச்சது. 'தறிக்காரன் வீட்டுக்கு இது கேக்குதா?' நாலு பேருக்கு 2,400 ரூபாய் ஆச்சு. எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. அம்மா பில்லை ரெண்டு தடவை பார்த்தாங்க. ஆனா அப்பா நெய்கிற புடவையை அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து யார் யாரோ வாங்கிட்டுப் போறாங்க. அவங்ககிட்ட "இது உங்களுக்குக் கேக்குதா"ன்னு யாரும் கேட்டதில்லை. ருசி பார்க்கிறதுக்குக் கூடவா ஜாதகம் பார்க்கணும்?

அன்னிக்கு அப்பா பாதி நேரம் சாப்பிடவே இல்லை. பீட்சா மாஸ்டர் மாவைக் கையால் விரிக்கிறதையே பார்த்துட்டு இருந்தார். போய்ப் பேச்சுக் கொடுத்து, "இது கைக்கு வர எத்தனை வருஷம் ஆச்சு தம்பி?"ன்னு கேட்டார். "அஞ்சு வருஷம் சார்"னு பதில் வந்தது. திரும்பி வந்து, "கைவேலைடா இது. கொடுக்கலாம் காசு"ன்னு சொல்லிட்டு மிச்சம் இருந்த துண்டைச் சாப்பிட்டு முடித்தார். பெரியப்பா, உங்களுக்கு என் பதிலும் அதுதான்.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு டம்ளர் இட்லியை நல்லா இருக்குன்னு சொல்றவங்க, ஒரு தடவை எங்க ஊருக்கு வாங்க. குடலை இட்லி நான் வாங்கித் தரேன். முதல்ல வர ரெண்டு பேருக்கு மட்டும், பட்ஜெட் அவ்வளவுதான்.