வாப்பாவின் ரிப்போர்ட்டை வீட்டில் யார் வாசிக்கிறார்கள்?



சென்ற தவணையில் ஒருநாள் இடைவேளை நேரம் தரம் பத்து மாணவி ஒருத்தி ஆசிரியர் ஓய்வறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். "சேர், இதில என்ன எழுதியிருக்கு என்று உம்மா கேட்டுக்கிட்டு வரச் சொன்னாங்க" என்றாள். அவளுடைய வாப்பாவுக்குத் தலையில் ஒபரேஷன் செய்து, கட்டியிலிருந்து எடுத்த துண்டைப் பரிசோதித்த ரிப்போர்ட் அது. ஒன்றரைப் பக்கம், முழுக்க ஆங்கிலம். அந்த வீட்டில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மேசையைச் சுற்றி நாம் நான்கு பேர் இருந்தோம். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருந்த பெயரை ஒருவர் போனில் தட்டினார். மேலே வந்த பதிலில் "15 மாதம்" என்று இருந்தது. நாம் பார்த்தோம், தோளுக்கு மேலால் அந்தப் பிள்ளையும் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்களும் நாம்தான்.

குடும்பத்தின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். நம் ஊர்களில் ஒருவருக்கு மூளையில் கட்டி என்று தெரியவந்தால் நாம் சும்மா இருப்பதில்லை. காசு சேர்க்கிறோம், கொழும்புக்கு வாகனம் பிடித்துக் கொடுக்கிறோம், ஜும்மாவில் துஆ கேட்கிறோம். 2016இல் கதீஜா பவுண்டேஷன் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க நிதி திரட்டியபோது நாட்டில் எல்லா இனத்தவரும் அள்ளிக் கொடுத்தார்கள். கொடுக்கிற கை நமக்கு உண்டு. ஆனால் அந்த இயந்திரங்களிலிருந்து வெளியே வருகிற கடதாசியை நோயாளியின் வீட்டில் யார், எந்த மொழியில் வாசிக்கிறார்கள் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

வாசிக்க ஒன்றும் கொடுக்காவிட்டால் அவர்கள் வாசிக்காமல் இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். வட்ஸ்அப்பில் வருவதை வாசிப்பார்கள். சீனியை நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும், கருஞ்சீரகமும் தேனும் நாற்பது நாள் எடுத்தால் கரைந்துவிடும், ஒபரேஷன் செய்தால் கட்டி பரவிவிடும். இவற்றை அனுப்புகிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் அனுப்புகிறார்கள். அந்த வீட்டாரோ இதை நம்பி ஒபரேஷன் திகதியைத் தள்ளிப்போடுகிறார்கள்.

அப்படியானால் எதை வாசிப்பது? எங்கள் கருத்து, முதலில் வாசிக்க வேண்டியது இணையத்தை அல்ல, சொந்த ரிப்போர்ட்டைத்தான். அதையும் கிளினிக்கில் டொக்டரின் முன்னால் வைத்து. கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தக் கட்டி மூளையிலேயே தொடங்கியதா, உடம்பில் வேறிடத்தில் இருந்து வந்ததா? நுரையீரலிலோ மார்பகத்திலோ தொடங்கி மூளைக்கு வந்ததாக இருந்தால் பெயரும் வைத்தியமும் வேறு. அடுத்தது, எந்த இடத்தில் இருக்கிறது? முன்பக்கம் என்றால் குணமும் முடிவெடுக்கும் திறனும் மாறலாம். பெரும்பாலானோருக்குப் பேச்சு இடது பக்கத்தில் இருக்கிறது. பின்பக்கம் என்றால் பார்வை, சிறுமூளை என்றால் நடையும் சமநிலையும்.

அதன்பிறகு பெயரும் தரமும். உலக சுகாதார ஸ்தாபனம் மூளைக்கட்டிகளை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது. (பாடசாலையில் தரம் ஏறினால் சந்தோஷப்படுவோம், இது அப்படியல்ல.) மெனிஞ்சியோமா என்று பெயர் வந்தால் அது பெரும்பாலும் தரம் 1, மெதுவாக வளர்வது. சிலருக்கு ஒபரேஷன்கூட உடனே தேவைப்படாது, காலத்துக்குக் காலம் ஸ்கேன் எடுத்துக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். "கட்டி" என்ற ஒரே சொல்லைக் கேட்டதும் ஜனாஸா வீட்டைப் போல அழத் தொடங்குகிறோமே, அந்தச் சொல்லுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன.

இன்னொன்று. 2021இல் இந்த வகைப்படுத்தல் மாற்றப்பட்டது. ஐ.டி.எச். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே இப்போது சில கட்டிகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். மாற்றம் இருந்தால் அதற்கு வேறு பெயர், பொதுவாகக் கூடுதல் ஆயுள். மாற்றம் இல்லாவிட்டால்தான் கிளியோபிளாஸ்டோமா, தரம் 4. அதற்கு முன் எழுதப்பட்ட கட்டுரைகளில் இரண்டும் ஒரே பெயருக்குள் கலந்து கிடக்கின்றன. ஆகவே எதை வாசித்தாலும் அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பாருங்கள். ஆண்டு போடாத பக்கத்தை மூடிவிடுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு இதைவிட அவசரமாகத் தேவைப்படுவது குளிசைகளைப் பற்றிய வாசிப்பு. டெக்ஸாமெதசோன் என்ற குளிசையைப் பலருக்குக் கொடுப்பார்கள். அது கட்டியைக் கரைக்காது, கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தைக் குறைக்கும். இரண்டொரு நாளில் தலையிடி குறைந்து ஆள் எழுந்து நடக்கும்போது வீட்டார் சுகமாகிவிட்டது என்று நினைத்து அதைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து, டொக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அந்தக் குளிசை இரத்தத்தில் சீனியை ஏற்றும், பசியைக் கூட்டும், நித்திரையைக் கெடுக்கும், எரிச்சலையும் கோபத்தையும் கொண்டுவரும். "மனிசன் இப்ப எல்லாத்துக்கும் பாய்றார்" என்று உம்மாமார் வந்து அழுகிறார்கள். அந்தக் கோபத்துக்குக் குளிசை ஒரு காரணமாக இருக்கலாம் என்று தமிழில் ஒரு வரி அவர்கள் கையில் இருந்திருந்தால் எத்தனை இரவுகள் வேறுமாதிரிக் கழிந்திருக்கும்.

வலிப்பு வந்தால் நம்மிடம் இன்னும் திறப்புக் கொத்தைத் தேடுகிற பழக்கம் இருக்கிறது. இரும்பு கொடுக்க வேண்டாம், வாய்க்குள் கரண்டி வைக்க வேண்டாம், கையைக் காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். பக்கத்தில் உள்ள பொருட்களை அகற்றி, தலைக்குக் கீழே மெதுவான ஒன்றை வைத்து, முடிந்ததும் ஒரு பக்கமாகச் சரித்து விடுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே மறுபடி வந்தால், உடனே வைத்தியசாலை. வலிப்பு வந்தவர் டொக்டர் அனுமதிக்கும்வரை மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. மோட்டார் சைக்கிளில்தான் குடும்பமே ஓடுகிற ஊர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

இப்போது கொஞ்சம் சங்கடமான விடயம். முன்மூளையில் கட்டி வந்தவர் சில வேளை கூச்சமில்லாமல் பேசுவார், பேசாமல் உட்கார்ந்திருப்பார், தொழுகையில் ரக்அத்தைக் குழப்புவார், கடையில் கணக்குப் பிழைக்கும். நம் வீடுகளில் உடனே வருகிற சொற்கள் ஜின், சூனியம். ஜின்கள் இருப்பதை நாம் மறுக்கவில்லை, அது நமது ஈமானோடு சம்பந்தப்பட்டது. ஓதிப் பார்ப்பதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் வாந்தியோடு வருகிற தலையிடி, வளர்ந்த ஒருவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக வந்த வலிப்பு, ஒரு கை மெல்ல மெல்லச் சோர்வது, ஆளே மாறிப்போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது தள்ளிப்போகக் கூடாது. ஓதிக்கொண்டே ஸ்கேனுக்குப் போகலாம். மௌலவிமாரிடம் எங்கள் வேண்டுகோள், தண்ணீர் ஓதிக் கொடுக்கிற அதே வாயால் "டொக்டரிடம் காட்டினீர்களா?" என்றும் கேளுங்கள். உங்கள் ஒரு வார்த்தைக்கு இருக்கிற மரியாதை எங்கள் நூறு வார்த்தைக்கு இல்லை. ஹிஜாமா செய்பவர்களுக்கும் ஒன்று. கீமோ நடக்கும் காலத்தில் இரத்தத்தில் வெண்குருதிக் கலங்களும் இரத்தம் உறையச் செய்யும் தட்டுகளும் குறைந்திருக்கலாம். அந்த நேரத்தில் தோலைக் கீறுவது கிருமித் தொற்றுக்கும் நிற்காத இரத்தக் கசிவுக்கும் வழி.

நோன்பும் அப்படித்தான். வலிப்புக் குளிசையை நேரத்துக்குப் போடாமல் நோன்பு பிடித்து, இஃப்தாருக்கு முன் விழுந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். அதை எடுத்துக்கொள்வதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

இனி அந்த "15 மாதம்". அதை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பிறகுதான் தேடிப் பார்த்தோம். அன்றே தேடியிருக்க வேண்டும். 2005இல் ரொஜர் ஸ்டுப் என்ற வைத்தியரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றின் முடிவு அது. ரேடியேஷனோடு டெமோசோலமைட் என்ற மருந்தையும் பெற்ற 287 கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளின் இடையம் 14.6 மாதம். ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களுக்கு 12.1. இடை, இடையம், ஆகாரம் என்று நாம் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிறோமே, அதே இடையம்தான். அதாவது பாதிப் பேர் அதற்கு முன் மரணித்தார்கள், மறுபாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள். இரண்டு ஆண்டைத் தாண்டியவர்கள் 100க்கு ஏறத்தாழ 26 பேர், ஐந்து ஆண்டைத் தாண்டியவர்கள் 100க்கு ஏறத்தாழ 10 பேர். பொய் நம்பிக்கை கொடுக்க இதைச் சொல்லவில்லை. பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டைத் தாண்டவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. ஆனால் அது ஒருவருக்குக் குறித்துக் கொடுத்த திகதி அல்ல. சாதாரண தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிற நாமே அன்று அதைத் திகதியாக வாசித்தோம் என்பதுதான் வெட்கம்.

ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 1982இல் வயிற்றில் அரிய புற்றுநோய் ஒன்று வந்தது. மூளைக்கட்டி அல்ல, ஆனால் அதற்கும் புத்தகத்தில் போட்டிருந்த இடையம் எட்டு மாதம். அவர் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று 1985இல் ஒரு கட்டுரை எழுதினார், அதன்பிறகும் 2002 வரை வாழ்ந்தார். ஆங்கிலம் தெரிந்தவர்கள் அந்தக் கட்டுரையைத் தேடி வாசியுங்கள். மூளைக்கட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் வாசிப்பதென்றால் அமெரிக்கன் பிரெய்ன் டியூமர் அசோசியேஷன், பிரித்தானியாவின் பிரெய்ன் டியூமர் செரிட்டி ஆகியவை நோயாளிகளுக்காகவே எளிமையாக எழுதுகின்றன. மருந்து விற்பதற்காக எழுதுவதில்லை. ஆயுள் கணக்குப் பக்கத்தை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி அறிய விரும்பினால் மட்டும், டொக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

நோயாளிக்குச் சொல்வதா வேண்டாமா என்று கேட்பீர்கள். மறைப்பதுதான் இரக்கம் என்று நம்மில் அநேகர் நினைக்கிறோம். நாம் அதில் உடன்படவில்லை. கடன் யாருக்கு, அமானிதம் யாரிடம், காணி உறுதி எங்கே, யாரிடம் மாப்புக் கேட்க வேண்டும், இவற்றையெல்லாம் பேச்சு இருக்கும்போதே சொல்கிற உரிமை அவருக்கு உண்டு. பேச்சுப் பகுதியில் கட்டி உள்ளவருக்கு அந்தக் காலம் குறைவாகவே இருக்கலாம். எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள்.

அந்த மாணவியின் வாப்பாவிடம் அப்படித்தான் கேட்டோம். அவர் எல்லாவற்றையும் கேட்டார். மாதக்கணக்கை மட்டும் வேண்டாம் என்றார். அடுத்த கிளினிக்குக்கு மகள் போகவில்லை. எங்களில் ஒருவர் கூடப் போனார், பதினொரு கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி எடுத்துக்கொண்டு. டொக்டர் அவசரத்தில் இருந்தாலும் எழுதிய கேள்விகளைக் கண்டதும் இருந்து பதில் சொன்னார். நான்கு பதில்கள் சிங்களத்தில், மற்றவை ஆங்கிலத்தில். அன்றிரவே தமிழில் எழுதிக் கொடுத்தோம்.

அந்தக் கொப்பியிலிருந்துதான் இப்போது ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். பதினாறு பக்கத்துக்கு மேல் போகாது, பெரிய எழுத்தில், நம் வீட்டுத் தமிழில். வைத்தியர்கள் இருவர் வரிவரியாகத் திருத்தித் தருவதாக ஏற்றிருக்கிறார்கள். அவர்கள் பார்க்காத ஒரு வரியும் அச்சுக்குப் போகாது. காசு கேட்கவில்லை. போட்டோகொப்பிச் செலவை நாமே பார்த்துக்கொள்வோம். மூளைக்கட்டிக்கு வைத்தியம் செய்தவர்களோ அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களோ இதை வாசித்தால், அந்த முதல் மாதத்தில் உங்களுக்கு எது தெரியாமல் போனது என்று இன்பொக்ஸில் எழுதுங்கள். குரல் பதிவாக அனுப்பினாலும் போதும். பெயர் போட மாட்டோம். இந்த மாதக் கடைசிக்குள் வந்தால் முதல் பதிப்பில் சேர்த்துவிடலாம்.