நீரிழிவுப் பாதப் புண்ணில் பாக்டீரியா தொற்று: நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து எப்போது தேவை?

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று, 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. இவர்களுள் பலருக்கு நரம்புப் பாதிப்பினால் பாதத்தில் உணர்வு குன்றுகிறது. முள் குத்தினாலும் செருப்பு உரசினாலும் வலி தெரிவதில்லை. இரத்த ஓட்டமும் குறையும்போது சிறு காயம்கூட ஆறாப் புண்ணாகிறது.

புண் வேறு, தொற்று வேறு

திறந்த புண் எதிலும் பாக்டீரியாக்கள் காணப்படும். அவை இருப்பதாலேயே தொற்று ஏற்பட்டதாகக் கொள்ளலாகாது. வீக்கம், சுற்றிலும் சிவத்தல், வெப்பம், வலி, சீழ் ஆகியவற்றுள் இரண்டேனும் காணப்பட்டால் தொற்று எனக் கருத வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல். தொற்றில்லாத புண்ணுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து அளிக்கக் கூடாது என்றும் அது வலியுறுத்துகிறது. அம்மருந்து தொற்றைக் கட்டுப்படுத்துமேயன்றிப் புண்ணை ஆற்றுவதில்லை.

தவறான பயன்பாட்டின் விளைவு

குளிர் நாடுகளில் இத்தொற்றுக்குப் பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் காரணமாகிறது. இந்தியா போன்ற வெப்ப நாடுகளில் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, ஈ.கோலை ஆகியனவும் மிகுதியாகக் காணப்படுகின்றன. இவற்றுள் பல, வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத எதிர்ப்புத் திறனைப் பெற்றுள்ளன. மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி உண்பதும், பாதியில் நிறுத்துவதும் இந்நிலையை மேலும் மோசமாக்கும். மருந்து பயனற்றுப் போனால் தொற்று எலும்பை எட்டி, காலையே அகற்ற நேரிடலாம். மாத்திரை அட்டையிலுள்ள சிவப்புக் கோடு, மருத்துவரின் பரிந்துரையின்றி அதனை உண்ணலாகாது என்பதைக் குறிக்கும்.

சரியான சிகிச்சை

தொற்று உறுதியானால், புண்ணைத் தூய்மை செய்தபின் உட்பகுதித் திசுவை எடுத்துப் பரிசோதித்து, உரிய மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேற்பரப்பைப் பஞ்சால் துடைத்தெடுக்கும் மாதிரி பிழையான முடிவைத் தரக்கூடும். தோல், தசைத் தொற்றுக்குப் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரங்களும், எலும்பை அகற்றாத எலும்புத் தொற்றுக்கு ஏறத்தாழ ஆறு வாரங்களும் மருந்து தேவைப்படும். இறந்த திசுவை அகற்றுதல், புண்மீது உடல் எடை விழாமல் காத்தல், இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துதல் ஆகியனவும் இன்றியமையாதவை.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

- காய்ச்சல் அல்லது நடுக்கம்
- சிவத்தல் விரைந்து பரவுதல்
- துர்நாற்றம் அல்லது தோல் கருத்தல்
- புண்ணின் அடியில் எலும்பு தென்படுதல்

வலி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என எண்ண வேண்டாம். நாள்தோறும் பாதங்களையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். புண் தென்பட்டால் தாமதிக்காமல் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள்.