நாவை அடகு வைக்கும் நாவன்மைப் போட்டிகள்

ஒரு மொழிக்கு வரும் கேடு முதலில் அதன் நூல்களைத் தாக்குவதில்லை. அதன் மேடையையே தாக்குகின்றது. ஏட்டுச் சுவடிகளில் உறங்கிக் கிடந்த பழந்தமிழ் நூல்களைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் சி.வை. தாமோதரனாரும் உ.வே. சாமிநாதரும் மீட்டெடுத்து அச்சேற்றினர். ஆனால் ஒரு தலைமுறை தன் மொழியில் அவைமுன் நின்று பேச நாணிவிடுமாயின், அந்நாணத்தைக் களைய எந்தச் சுவடியாலும் இயலாது. அந்த நாணம் இன்று பரிசுக் கிண்ணம் கொடுத்தே வளர்க்கப்படுகின்றது. இளைஞரின் நாவன்மையை வளர்ப்பதாகச் சொல்லி ஊர்தோறும் மன்றங்களும் கழகங்களும் நடத்தும் பேச்சுப் போட்டிகள் பல, இவ்வேலையைத்தான் ஓசையின்றிச் செய்து வருகின்றன.

ஏலமலை அடிவாரத்தில்

மேற்குமலைத் தொடரின் அடிவாரத்தில் போடிநாயக்கனூரும் அதனை அடுத்துச் சிலமலையும் அமைந்துள்ளன. பொழுது புலருமுன்பே இப்பகுதிச் சிற்றூர்களிலிருந்து ஆணும் பெண்ணும் வண்டிகளில் நெருக்கியடித்து ஏறி, 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டு வழியே கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்கின்றனர். அங்கு விளையும் காய் மலையிறங்கிப் போடிநாயக்கனூர் வணிகர் கைக்கு வந்து, தரம் பிரிக்கப்பட்டு, விலை கூறப்பட்டு நாடெங்கும் போகின்றது.

ஏலம் என்பது இம்மலை தந்த சொல். செடிநூலார் உலக வழக்காக அதற்கிட்ட 'எலெட்டாரியா' என்னும் பெயரும், மலையின் மேற்குப் புறத்தார் வழங்கிய 'ஏலத்தரி' என்னும் சொல்லின் வழி வந்ததே. உலகம் இம்மலையிடம் சொல்லைக் கடன் வாங்கிற்று. இம்மலையடிவாரத்துப் பிள்ளைகளோ, மேடையேறியவுடன் பிறரிடம் சொல்லைக் கடன் வாங்குமாறு பழக்கப்படுகின்றனர்.

இத்தகைய போட்டிகளின் நடைமுறை பெரும்பாலும் எவ்வூரிலும் ஒன்றே. பதாகை ஆங்கிலத்தில் தொங்கும். அழைப்பிதழ் ஆங்கிலத்தில் அச்சாகும். ஆங்கிலப் பிரிவு, தமிழ்ப் பிரிவு என இரண்டு வைப்பராயின் ஆங்கிலத்திற்கே முன்னிடமும் பெரிய கிண்ணமும் கிடைக்கும். தமிழ்ப் பிரிவுக்குரிய பிள்ளையையும் 'நெக்சுட்டு பார்ட்டிசிபன்ட்டு' என்றே அழைப்பர். அப்பிள்ளையும் 'குட்மார்னிங்' சொல்லித் தொடங்கி, 'தேங்க்யூ' சொல்லி இறங்கும். இடையில் வந்தது தமிழா என்பதைப் பற்றி நடுவர்க்குக் கவலையில்லை. அவர் கையிலுள்ள மதிப்பெண் தாளில் உடை, நிற்கும் நிலை, கையசைவு, குரலேற்றம் எல்லாவற்றிற்கும் கட்டம் உண்டு. தூய சொல்லுக்குக் கட்டம் இல்லை.

அண்மைக் காலத்தில் ஒளித்திரையில் படங்காட்டிப் பேசும் போட்டியும் இதனோடு சேர்ந்துகொண்டது. வீட்டிற் கணிப்பொறியும், ஆங்கிலம் அறிந்த பெற்றோரும் உள்ள பிள்ளை அழகிய படங்களைத் தொகுத்து வந்து, திரையிலுள்ள ஆங்கிலத்தை அப்படியே படித்துப் பரிசு பெறுகின்றது. தாய் காய் பொறுக்கும் களத்திலேயே வளர்ந்த பெண்ணோ அவைக்குள் நுழையவே அஞ்சுகின்றாள். ஏலக்காயை ஏன் ஒரே நாளில் பறித்து முடித்தல் இயலாது, பச்சைக்காயின் நிறம் கெடாமல் உலர்த்துவது எங்ஙனம், உலர்ந்தபின் எடை எத்துணை குறையும் என்பனவெல்லாம் அவள் அறிவாள். தமிழிலே தெளிவாகச் சொல்லவும் வல்லாள். அவளிடம் அதனை எவரும் கேட்பதில்லை. அவளறியாத பொருளை அவளறியாத மொழியிற் கேட்டுவிட்டு, 'இவளுக்குத் திறமையில்லை' என்று தீர்ப்பும் எழுதிவிடுகின்றனர். நாவன்மைப் போட்டி என்பது இவ்வாறு செல்வர்க்கும் எளியர்க்கும் இடையே எழுப்பப்படும் மற்றொரு சுவராகின்றது.

முறை அயலது, மொழி தனது

'உலகெங்கும் இப்படித்தான் நடக்கின்றது' என்பர் இக்கழகத்தார். உலகில் நடப்பதையே பார்க்கட்டும்.

அமெரிக்கரான இரால்பு சுமெட்லி, கிறித்தவ இளைஞர் மன்றம் ஒன்றில் கல்விப்பணி ஆற்றியவர். அங்கு வரும் இளைஞர்க்குக் கூட்டம் நடத்தவும் அவையிற் பேசவும் பயிற்சி தேவை என்று 1905-ஆம் ஆண்டளவில் உணர்ந்தார். 1924-இல் கலிபோர்னியாவின் சாந்தா அனா நகரில் அவர் தொடங்கிய பேச்சுப் பயிற்சிக் கழகமே இன்று 'டோசுட்மாசுடர்சு' என்னும் பெயரில் உலகெங்கும் கிளைத்துள்ளது. விருந்தில் வாழ்த்துரைகளை நடத்துவோர் என்பது அப்பெயரின் பொருள். அங்கே பேச்சுக்குக் கால வரையறை உண்டு. அதனைக் காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் உண்டு. முன்னறிவிப்பின்றிக் கொடுத்த தலைப்பில் அப்போதே எழுந்து பேசும் பயிற்சி உண்டு. பேசியவரின் குறைநிறையை எடுத்துரைக்க ஒருவர் உண்டு. பேச்சிடையே வரும் வெற்றொலிகளை எண்ணிச் சொல்லவும் ஒருவர் உண்டு. இவையெல்லாம் நல்ல முறைகளே.

ஆனால் சுமெட்லி தம் இளைஞர்க்கு எம்மொழியிற் பேசக் கற்பித்தார்? அவர்தம் மொழியிலேயே கற்பித்தார். அந்த அமெரிக்கரைப் பின்பற்றுவோர் உண்மையிற் பின்பற்ற வேண்டியது அதனைத்தான். இவர்களோ அவர் வழியை விட்டுவிட்டு, அவர் மொழியை எடுத்துக்கொண்டனர். கரும்பை எறிந்துவிட்டுச் சக்கையைச் சுமப்பார் போல. அதே கழகத்தின் கிளைகளுள் தமிழிலேயே கூடிப் பேசுவனவும் உள என்பதை இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

முறையைப் பிறரிடம் கொண்டு, மொழியைத் தனதாக வைத்துக்கொள்ளும் வழி தமிழர்க்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கிறித்தவப் பாதிரிமார் பள்ளியிற் பயின்று, அவர்களிடமே பணியாற்றியவர். அவர்கள் மக்களைக் கூட்டிவைத்துப் பேசும் முறையை நேரிற் கண்டார். அம்முறையைக் கைக்கொண்டு 1847-ஆம் ஆண்டு திசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பேசத் தொடங்கினார். பின்னர் வெள்ளிக்கிழமைதோறும் பேசினார். அவர் நடை வடசொல் மிக்கது என்பது உண்மையே. எனினும் பாதிரியாரின் மேடையைக் கண்டவுடன் பாதிரியாரின் மொழிக்கு அவர் தாவிவிடவில்லை.

மேடை ஈன்ற தமிழ்

பேராயக் கட்சியின் தொடக்ககாலத் தலைவர்கள் சென்னையிற் கூடி ஆங்கிலத்திற் பேசி ஆங்கிலத்திற் கைதட்டிக் கொண்டிருந்தவரை வெள்ளையன் அவர்களைக் கண்டு அஞ்சவில்லை. 1908-இல் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவனாரும் கோரல் ஆலைத் தொழிலாளர் முன் தமிழிற் பேசினர். பிப்ரவரி இறுதியில் வேலைநிறுத்தம் எழுந்தது. சில நாள்களிலேயே ஆலையார் இறங்கி வந்தனர், கூலி உயர்ந்தது, ஞாயிறு ஓய்வு கிடைத்தது. மார்ச்சு 12-ஆம் நாள் இருவரும் சிறைப்பிடிக்கப்பட்டனர். தம் பேச்சுக்காகவும் சிவனாருக்குத் துணைநின்றமைக்காகவும் சிதம்பரனார்க்கு இருமுறை வாழ்நாள் நாடுகடத்தல் தீர்ப்பாயிற்று. பின்னரே அது மேல்முறையீட்டிற் குறைந்தது. தமிழ்ப் பேச்சின் ஆற்றலைத் தமிழர்க்கு முன்பே வெள்ளையன் அளந்து வைத்திருந்தான் என்பதற்கு இத்தீர்ப்பே சான்று.

1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபொழுது அதன் தலைவர் வாடியா ஆங்கிலத்திற் பேசினார். தொழிலாளர்க்கு அதனைத் தமிழிற் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவரோடு நின்ற திரு.வி.க. தமிழிற் பேசினார்; தொழிலாளர் நெஞ்சில் நேரே சென்று தைத்தது அப்பேச்சு.

1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வெறும் ஏட்டளவில் நின்றிருப்பின், அறிஞர் சிலரோடு முடிந்திருக்கும். அதனை மக்கள் வாயிற் சேர்த்தது மேடையே. பிரசங்கம் சொற்பொழிவாயிற்று. அக்கிராசனர் தலைவரானார். மகாநாடு மாநாடாயிற்று. வந்தனோபசாரம் நன்றியுரையாயிற்று. அபேட்சகர் வேட்பாளரானார். நமசுகாரம் வணக்கமாயிற்று. இச்சொற்களை எந்த அரசாணையும் மக்கள்மேல் திணிக்கவில்லை. ஊர்ப் படிப்பகத்துத் திண்ணையிலும் தெருமுனைப் பலகை மேடையிலும் நின்று பேசிய இளைஞர் பல்லாயிரவர் இவற்றைச் சொல்லிச் சொல்லியே நாட்டு வழக்காக்கினர். மேடையே தனித்தமிழின் பட்டறை. அப்பட்டறையில்தான் இன்றைய கழகப் போட்டிகள் 'இசுபீச்சு', 'சட்சு', 'வின்னர்' என்று துருவேற்றிக் கொண்டிருக்கின்றன. மூன்று தலைமுறை உழைத்து வென்றதை ஒரு தலைமுறை கைதட்டிக்கொண்டே இழக்கின்றது.

மலைமேற் பேசிய மகளிர்

பேச்சு எதற்கு என்னும் வினாவிற்கு விடை, ஏலமலைக்கு அப்பால் மூணாற்றிலேயே கிடைக்கின்றது. 2015-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அங்குள்ள தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தனர். அவர்களுள் மிகப்பலர் தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்துவரும் தமிழ்ப் பெண்கள். 20 விழுக்காடாக இருந்த மிகையூதியம் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதே அவர்களைக் கிளப்பிற்று. தங்களுக்காகப் பேசுவதாகச் சொல்லிவந்த தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் அருகே வரவிடவில்லை. தாங்களே பேசினர், தாங்களே முழங்கினர், தாங்களே அமைச்சரோடும் ஆலோசித்தனர். ஒன்பது நாளில் 20 விழுக்காடு மீண்டது. 232 உருபாவாக இருந்த நாட்கூலியும் பின்னர் 301 உருபாவாயிற்று.

அப்பெண்களுக்கு எந்தக் கழகமும் கிண்ணம் கொடுத்ததில்லை. கையசைவுக்கு எவரும் மதிப்பெண் இட்டதில்லை. ஆயினும் திருவள்ளுவர் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களில் 30 குறட்பாக்களால் வகுத்த திறம் அவர்களிடம் இருந்தது. தமக்கு வேண்டியது இன்னதென அறிந்து, தம் மொழியில், அஞ்சாமற் சொல்லுதலே அத்திறம். போட்டி மேடையில் ஆங்கிலம் பொழிந்து பரிசு பெற்ற இளைஞன், தன் ஊரவையில் குடிநீர் ஏன் வரவில்லை என்று கேட்க எழுந்து நிற்பானா? தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த ஊரவைக் கூட்டம், 2022-இல் ஆறு முறையாக உயர்த்தப்பட்டது. வாக்குரிமை பெற்ற ஒவ்வொருவரும் அவ்வவையின் உறுப்பினர். அங்கே காலியாகக் கிடக்கும் ஒலிவாங்கியே நாவன்மையின் உண்மையான போட்டிக்களம்.

மறுப்பாரும் உருப்போடுவாரும்

'ஆங்கிலம் பேசினாலன்றோ வேலை கிடைக்கும்' என்று மறுப்பர். ஆங்கிலத்தை ஒரு மொழியாக வகுப்பறையில் நன்கு கற்பதை எவரும் தடுக்கவில்லை. ஆனால் மேடைப்பேச்சு என்பது எண்ணத்தை ஒழுங்குபடுத்தும் பயிற்சி. எண்ணம் தாய்மொழியில் ஒழுங்குபட்டவனே எம்மொழியிலும் ஒழுங்காகப் பேசுவான். அடித்தளம் இடாமல் மாடி கட்டுவார் போலத் தாய்மொழியில் நா எழாத பிள்ளைக்கு அயன்மொழி மேடையைக் காட்டுவது, உருப்போடும் கிளிகளையே உருவாக்கும்.

உருப்போடுதல் என்னும் இக்குறை தமிழ்ப் போட்டிகளையும் விட்டபாடில்லை. இதனைத் தமிழன்பர் மறைத்தல் கூடாது. ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை, அடுக்குமொழியும் அலங்காரமுமாக, பொருளறியாமல் ஒப்புவிக்கும் சிறுவனுக்கு முதற்பரிசு கொடுக்கும் தமிழ் மன்றங்களும் உள. மனப்பாடம் மறந்த இடத்தில் அவன் நிற்கும் கலக்கமே அப்பேச்சு அவனதன்று என்பதைக் காட்டிவிடும். அயற்சொல்லைக் களைந்துவிட்டு இரவற் கருத்தை வைத்துக்கொண்டால் விடுதலை பாதியே ஆகும். தூய தமிழும் சொந்த எண்ணமும் ஒருங்கே அமைந்த பேச்சே தமிழ்ப்பேச்சு.

செய்யத்தக்கவை

தமிழ் இளைஞரே! கழகங்கள் திருந்துமென்று காத்திராதீர். அரசின் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் மாணவர்க்குத் தமிழிற் பேச்சுப் போட்டி நடத்திப் பணப்பரிசில் வழங்குகின்றது, அதில் முன்னிற்பீர். அத்தோடு அமையாது, சிலமலை போன்ற ஒவ்வோர் ஊரிலும் திண்ணை ஒன்று தேடித் திங்களுக்கு ஒருமுறை கூடுவீர்.

தலைப்பு ஊரைப் பற்றியதாக இருக்கட்டும்: ஏலத்தின் விலையும் பறிப்போர் கூலியும், மலையேறும் வண்டிகளின் நெரிசல், கண்மாயின் நிலை. அதனைக் கூட்டத்திற்கு வந்தபின் கொடுங்கள். ஐந்து மணித்துளி எண்ணிப் பார்க்க விடுங்கள். எழுதிவைத்ததைப் படிக்க விடாதீர். ஒளித்திரை வேண்டுமாயின் வையுங்கள். அதிலுள்ள எழுத்து தமிழாக இருக்கட்டும். வெற்றொலியை எண்ண அமெரிக்கர் ஒருவரை அமர்த்துவது போல, பேச்சில் வரும் அயற்சொல்லை எண்ண ஒருவரை அமர்த்துங்கள். பேச்சு முடிந்தபின் ஒவ்வொன்றிற்கும் தக்க தமிழ்ச்சொல்லை அவையே கூடித் தேடட்டும். நடுவர் இருக்கையில் ஆசிரியரோடு, தோட்டத்தில் உழைக்கும் தாய் ஒருத்தியும் அமரட்டும். பேசியது அவளுக்கு விளங்கிற்றா என்பதற்கே பாதி மதிப்பெண் அளியுங்கள். வென்றவர்க்குத் தகரக் கிண்ணம் வேண்டா. நல்ல தமிழ்நூல் ஒன்று போதும். அடுத்த ஊரவையில் ஊரார் சார்பில் முதற்கண் எழுந்து பேசும் பொறுப்பே அவர் பெறும் பெரும்பரிசாகட்டும்.

கிண்ணம் அலமாரியிற் கறுத்துப்போம். தன் மொழியில் தன் ஊருக்காக எழுந்த குரல், கூலியை உயர்த்தும், குடிநீரைக் கொண்டுவரும், மொழியையும் காக்கும். அடகு வைத்த நாவை மீட்பீர்!